ஒரு ரிவால்வரின் ஜாதகம்

சங்ககிரி மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் பழைய ஆயுதம் எந்த வீட்டுப் பரணிலிருந்து இறங்கினாலும், அது இருவரில் ஒருவருக்கு உரியது என்று சொல்லப்படுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒருவர் திப்பு சுல்தான். மற்றவர் தீரன் சின்னமலை. இதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. சேலமும் பாராமகாலும் 1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கை வரையில் திப்புவின் ஆட்சியில் இருந்தவை. சங்ககிரி அவருடைய கோட்டைகளுள் ஒன்று. கும்பினிப் படையை எதிர்த்து நின்ற ஓடாநிலைத் தலைவர் சின்னமலை 1805-இல் தூக்கிலிடப்பட்டதும் அதே மலைக்கோட்டையில்தான். அத்தகைய மண்ணில் துருப்பிடித்த இரும்பைக் கையில் எடுப்பவருக்கு முதலில் நினைவு வருவது வேறு யாருடைய பெயராக இருக்க முடியும்?

ஆயினும், சில ஆண்டுகளுக்கு முன் ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே ஓர் ஊரில், பழைய மிட்டாதார் குடும்பம் ஒன்றில் எனக்குக் காட்டப்பட்டது வாளுமன்று, ஈட்டியுமன்று, ஒரு ரிவால்வர். மிட்டா என்பது சேலம் சீமைக்குப் பழகிய சொல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கும்பினியார் நிலங்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து, நிரந்தர வரி விதித்து ஏலத்தில் விட்டார்கள். ஏலத்தில் எடுத்தவர் மிட்டாதார் ஆனார். அந்த வீட்டார் என்னிடம் அறிய விரும்பியவை மூன்று: இது என்ன துப்பாக்கி, எப்போது செய்தது, என்ன விலை போகும். மூன்றாவது கேள்வியே முதலில் வந்தது என்பதைச் சொல்லாமலிருப்பது சரியாகாது. கேட்டபோதே விடையும் ஓரளவு அவர்கள் உள்ளத்தில் இருந்தது. இது சின்னமலையின் கையிலிருந்து தங்கள் முன்னோருக்கு வந்தது. ஆகவே விலை கோடிக் கணக்கில் இருக்கும்.

முதல் ஐயத்தைப் பஞ்சாங்கமே தீர்த்துவிடுகிறது. சின்னமலையின் காலத்துக் கைத்துப்பாக்கி, ஒரு முறை சுட்டால் மறுபடியும் மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்க வேண்டிய ஒற்றைக் குழல் துப்பாக்கி. சிக்கிமுக்கிக் கல்லின் பொறியால் அது வெடிக்கும். ரிவால்வர் என்பதோ ஐந்து அல்லது ஆறு அறைகள் கொண்ட உருளை ஒன்று சுழன்று, ஒவ்வோர் அறையாகக் குழலுக்கு நேரே வந்து நிற்கும் பொறி. அறை சுழலும் துப்பாக்கியைச் செய்து பார்த்தவர்கள் அதற்கு முன்னும் உண்டு. அவை அரண்மனைகளுக்குச் செய்த அருமைப் பொருள்கள், இன்று பெரிய அருங்காட்சியகங்களில் விரல்விட்டு எண்ணும் அளவில் கிடப்பவை. எலிஷா காலியர் என்பவர் 1818-இல் இலண்டனில் உரிமை பெற்ற கல்பொறிச் சுழல் துப்பாக்கிதான் ஓரளவு எண்ணிக்கையில் செய்யப்பட்டது. சாமுவேல் கோல்ட் என்ற அமெரிக்கர் இங்கிலாந்தில் 1835-இலும், தம் நாட்டில் 1836 பிப்ரவரி 25-இலும் காப்புரிமை பெற்ற பின்னரே ரிவால்வர் உலகச் சரக்காயிற்று. அதற்குள் சின்னமலை மறைந்து முப்பத்தொரு ஆண்டுகள் ஆகிவிட்டன. திப்பு வீழ்ந்ததோ 1799 மே 4.

திப்புவின் துப்பாக்கி எப்படி இருக்கும் என்று கேட்கலாம். அதை அறிவது எளிது. ஏனெனில் அது தன்னைத் தானே சொல்லும். சீரங்கப்பட்டணத்துத் தொழிற்சாலைகளில் செய்த நல்ல துப்பாக்கிகளில் புலியின் வரிகளைப் போன்ற அலங்காரம் இருக்கும். செய்த ஊரும், ஆண்டும், சில வேளை செய்தவன் பெயரும் பொன்னாலோ வெள்ளியாலோ பதிந்திருக்கும். அந்த ஆண்டு நாம் எண்ணும் கிறித்துவ ஆண்டுமன்று, ஹிஜிரியுமன்று. திப்புவே வகுத்த மௌலூதி ஆண்டு. அதன் இலக்கங்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். அப்படி ஒன்றை அந்த வீட்டார் கொண்டுவந்து என் முன் வைத்திருந்தால், நான் நாற்காலியை விட்டுத் தரையில் அமர்ந்திருப்பேன்.

அவர்கள் வைத்ததோ உள்ளங்கையைச் சற்றே மிஞ்சும் குள்ளமான ரிவால்வர். குழல் விரல் நீளமே. பிடி பறவையின் அலகுபோல் உள்நோக்கி வளைந்தது. உருளையில் ஐந்து அறைகள். முதலில் அது வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்தேன். பரணில் அறுபது ஆண்டு கிடந்த துப்பாக்கிக்குள்ளும் தோட்டா இருக்கக்கூடும். இவ்வகையில் நேர்ந்த விபத்துகள் எந்த நாட்டிலும் குறைவல்ல. அறைகள் வெறுமையாகவே இருந்தன.

இனி இத்தகைய பொருளின் ஜாதகத்தை எப்படிக் கணிப்பது என்று சொல்ல வேண்டும். ஜோதிடர் இலக்கினத்தைப் பார்ப்பதுபோல, நான் முதலில் பார்ப்பது மருந்து எப்படி இடப்படுகிறது என்பதை. உருளையின் பின்புறத்தில் சிறு முலைகள் போன்ற முனைகள் நிமிர்ந்து நின்றால், அது தோட்டா தோன்றுவதற்கு முந்திய தலைமுறை. ஒவ்வோர் அறையிலும் மருந்தையும் குண்டையும் முன்புறமாக இட்டுக் கெட்டித்து, முனைகளில் செப்புத் தொப்பியை மாட்ட வேண்டும். கோல்ட் முதலில் விற்றது இத்தகையவைதான். 1851-இல் இலண்டன் மாநகரில் நடந்த பெரும் பொருட்காட்சியில் கோல்ட்டின் ரிவால்வரும், இங்கிலாந்தின் ராபர்ட் ஆடம்ஸ் செய்த ரிவால்வரும் எதிரெதிரே நின்று போட்டியிட்டன. கோல்ட் 1853-இல் இலண்டனிலேயே ஓர் ஆலை திறந்து, மூன்று நான்கு ஆண்டுகளில் மூடியும்விட்டார். ஆகவே குழலின் மேல் நியூயார்க் முகவரி இருக்கிறதா, இலண்டன் முகவரி இருக்கிறதா என்பதே காலத்தைப் பெரிதும் சுருக்கித் தந்துவிடும். 1857-இல் வடநாட்டில் கிளர்ச்சி மூண்டபோது வெள்ளை அதிகாரிகள் தம் சொந்தப் பணத்தில் வாங்கி இடுப்பில் செருகியவை இந்த இரண்டு இனங்களும்தான்.

உருளையின் பின் விளிம்பில் அறைக்கொரு சிறு வெட்டு இருந்தால் அது பிரெஞ்சுக்காரர் லஃபோஷேயின் முறை. தோட்டாவின் பக்கவாட்டில் ஓர் ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். குதிரை மேலிருந்து விழுந்து அந்த ஊசியை அடிக்கும். குதிரை என்று நான் சொல்வது, விரலால் இழுக்கும் விசைக்கு மேலே நின்று தட்டும் உறுப்பை. நம் முன்னோர் இதற்கு இட்ட பெயர் அழகானது. அது காதை மடக்கிப் பாயக் காத்திருக்கும் குதிரையைப் போலத்தான் இருக்கிறது.

இவ்விரண்டும் இல்லாமல், அடிப்புறத்தின் நடுவில் அடி வாங்கும் பித்தளைத் தோட்டாவை ஏற்பதாக இருந்தால், நாம் பெரும்பாலும் 1860-களின் பிற்பகுதிக்கு வந்துவிட்டோம். பர்மிங்காம் நகரத்து வெப்ளி கம்பெனியார் அயர்லாந்துப் போலீசுக்காகச் செய்த ரிவால்வர் 1868-இல் வந்தது. நடுவில் மடித்துத் திறந்தவுடன் வெற்றுத் தோட்டாக்களைத் தானே வெளியே தள்ளும் வெப்ளியை, அதன் முதல் வரிசையாக, 1887-இல் பிரிட்டிஷ் இராணுவம் ஏற்றுக்கொண்டது. 1915-இல் வந்த ஆறாம் வரிசை முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளுக்குச் சென்றது. சேலம், நாமக்கல் பக்கங்களில் படையில் பணிபுரிந்தவர்களின் வீடுகளில் வெப்ளி என்ற பெயர் இன்றும் பேச்சில் இருப்பது இதனால்தான். 1930-களில் அந்தக் கனமான ரிவால்வருக்குப் பதிலாகச் சிறிய விட்டமுடைய என்ஃபீல்டு வந்தது. டாங்கிப் படையினரின் இடுக்கமான இடங்களில் எதிலாவது மாட்டிக்கொள்கிறது என்று 1938-இல் அதன் குதிரையின் வாலை வெட்டிவிட்டார்கள். குதிரைக்கு வால் இருக்கிறதா இல்லையா என்று பார்த்தே அதன் காலத்தை ஒருவாறு சொல்லிவிடலாம்.

பெயரை நம்பலாமா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். துப்பாக்கியின் மேல் பொறித்த பெயர் செய்தவருடையதாகவும் இருக்கலாம், விற்றவருடையதாகவும் இருக்கலாம். கடிகாரத்துக்குப் பெயர்போன மதராஸ் மவுண்ட் ரோடு பி. ஆர் அண்டு சன்ஸ் பெயர் பொறித்த வேட்டைத் துப்பாக்கிகள் உண்டு. இலண்டன் ஆர்மி அண்டு நேவி கூட்டுறவுக் கடையின் பெயர் தாங்கிய வெப்ளிகளும் பல. இவை கடையின் பெயர்கள். அவற்றால் பயன் இல்லாமலில்லை. அந்தக் கடை எப்போது எந்தத் தெருவில் இருந்தது என்று தெரிந்தால், துப்பாக்கி விற்ற காலம் தெரியும். செய்தவர் பெயரும் காலத்துக்கேற்ப மாறும். 1897-இல் வெப்ளியார் ஸ்காட் கம்பெனியாருடன் சேர்ந்தார்கள். ஆகவே 'வெப்ளியும் மகனும்' என்றிருந்தால் அதற்கு முன். வெப்ளியும் ஸ்காட்டும் சேர்ந்திருந்தால் அதற்குப் பின்.

பெயரைவிட நான் நம்புவது, கண்ணுக்கு எளிதில் தெரியாத சோதனை முத்திரைகளை. ஐரோப்பாவின் துப்பாக்கி நகரங்களில், விற்பனைக்கு வருமுன் ஒவ்வொரு குழலையும் வழக்கத்துக்கு மேற்பட்ட மருந்திட்டு வெடித்துப் பார்ப்பார்கள். வெடித்துச் சிதறாத குழலுக்கு முத்திரை குத்துவார்கள். நம் ஊரில் தங்கத்துக்குத் தர முத்திரை இடுவதுபோல் என்று கொள்ளலாம். பர்மிங்காம் சோதனைச் சாலை 1813-இலிருந்து 1904 வரையில் குத்தியது, கிரீடத்தின் கீழ் குறுக்காக வைத்த இரண்டு செங்கோல்கள். 1904-க்குப் பின் செங்கோல்கள் போய், கிரீடத்தின் கீழ் எழுத்துகள் மட்டும் நின்றன. பெல்ஜியம் நாட்டு லியேஜ் நகரத்து முத்திரை ஒரு முட்டை வடிவம். அதனுள் ஈ, எல், ஜி என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளும் ஒரு நட்சத்திரமும். 1893-இல் அந்த முட்டையின் தலையில் ஒரு கிரீடத்தை ஏற்றினார்கள். மிளகளவு இருக்கும் அந்தக் கிரீடம், பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பவனுக்கு ஒரு நூற்றாண்டின் இரு பகுதிகளைப் பிரித்துத் தருகிறது.

நாமக்கல் பக்கத்து ரிவால்வருக்குத் திரும்புவோம். சட்டத்தின் மேல் விளிம்பில், எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில், 'பிரிட்டிஷ் புல்டாக்' என்ற ஆங்கிலச் சொற்கள் இருந்தன. வீட்டுப் பிள்ளைகள் முகம் மலர்ந்தார்கள். சின்னமலை இல்லாவிட்டாலும் வெள்ளைக்காரத் துரையாவது கிடைத்தாரே! ஆனால் உருளையைத் திருப்பிப் பார்த்தபோது முட்டையும், அதன் தலையில் கிரீடமும் தெரிந்தன. வெப்ளியார் 1870-களில் புல்டாக் என்று பெயரிட்டு விற்ற சட்டைப்பை ரிவால்வர் நன்றாக விற்றது. அதைக் கண்ட லியேஜ் நகரத்துச் சிறு பட்டறைகள் அதே வடிவில், அதே பெயரில் மலிவுச் சரக்கை ஆயிரமாயிரமாகச் செய்து உலகெங்கும் அனுப்பின. ஆகவே இந்தப் பிரிட்டிஷ் நாய் பிறந்தது பெல்ஜியத்தில். 1893-க்கு முன் அது பிறந்திருக்க முடியாது. 1914 ஆகஸ்டில் ஜெர்மானியர் லியேஜைப் பிடித்தபின் அந்த வாணிகம் நின்றுபோயிற்று. புகையில்லா மருந்துக்கான முத்திரையும் இல்லாததால், இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் முற்பகுதியையே நான் விரும்புவேன்.

இந்த இன ரிவால்வர் வரலாற்றில் ஓர் இழிபுகழும் பெற்றது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டை 1881 ஜூலை 2-ஆம் நாள் சுட்ட கொலைகாரன் கையில் இருந்தது ஒரு புல்டாக். அந்தத் துப்பாக்கி வாஷிங்டன் அருங்காட்சியகத்துக்குச் சென்று, நிழற்படமும் எடுக்கப்பட்டு, பின்பு எங்கோ தொலைந்துபோனது. குடியரசுத் தலைவரைக் கொன்ற சான்றையே தொலைத்தவர்கள் இருக்கும்போது, நம் பரண்களை யார் குறை சொல்வது?

'இரும்பாவது நம் கஞ்சமலை இரும்பாக இருக்குமோ?' என்று பெரியவர் ஒருவர் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. சேலத்து இரும்புக்கும் சீமைத் துப்பாக்கிக்கும் உண்மையான உறவு ஒன்று உண்டு; அது நேரானதன்று. சேலத்தில் கும்பினி உத்தியோகம் பார்த்த ஜோசையா மார்ஷல் ஹீத், இங்கே நாட்டுக் கொல்லர்கள் உருக்கு வடிக்கும் திறத்தைக் கண்டு மயங்கி, உத்தியோகத்தை உதறிவிட்டுப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தார். சேலத்துக் கனி அங்கே போயிற்று. ஆலை நட்டத்தில் நொண்டியது. ஆனால் அவர் இங்கிலாந்துக்குச் சென்று, எஃகு உருக்கும்போது மாங்கனீசைச் சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு ஆலைக்காரர்கள் அந்த முறையை விரைவில் கைக்கொண்டார்கள். உரிமைப் பணத்தை மட்டும் கொடுக்க மறுத்தார்கள். வழக்கு அவர் காலத்துக்குப் பின்னும் நீண்டது. அதே ஷெஃபீல்டு நகரத்துத் தாமஸ் ஃபர்த் ஆலையிலிருந்துதான் சாமுவேல் கோல்ட் தம் ரிவால்வர்களுக்கு எஃகு வாங்கினார். கஞ்சமலையின் மண் ஒரு கோல்ட் ரிவால்வரில் இருக்கிறது என்று சொல்ல எனக்குச் சான்றில்லை. கஞ்சமலையைப் பார்த்து வியந்த ஒருவரின் அறிவு அந்நகரத்து எஃகுத் தொழிலில் இருந்தது என்று சொல்லலாம். பெரியவருக்கு இது போதுமானதாகப்பட்டது.

பெல்ஜியத்துப் புல்டாக் ராசிபுரம் பக்கம் எப்படி வந்தது? சேர்வராயன் மலையில், 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிப் பயிரைப் பரப்பினார். ஏற்காட்டில் வெள்ளைத் தோட்டக்காரர்கள் குடியேறினார்கள். 1860-களின் தொடக்கத்தில் மதராஸிலிருந்து மேற்குக் கரைக்குப் போன இருப்புப்பாதை சேலம் வழியே சென்றது. மதராஸ் கடையில் கேட்ட பொருள் சேலம் ஸ்டேஷனில் வந்து இறங்கும் காலம் அது. ஆனால் எல்லோரும் கேட்க முடியாது. லிட்டன் பிரபுவின் காலத்தில் 1878-இல் வந்த ஆயுதச் சட்டம், இந்தியர் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் வேண்டும் என்றது. ஐரோப்பியருக்கோ விதிகள் விலக்கு அளித்தன. ஏற்காட்டுத் துரைக்குத் தடையில்லாதது, அடிவாரத்து மிட்டாதாருக்குக் கலெக்டர் கச்சேரியில் காத்திருந்து பெற வேண்டிய சலுகையாயிற்று. 1887-இல் மதராஸில் கூடிய காங்கிரஸ் மகாசபையில் இந்தச் சட்டத்தைப் பற்றிக் காரசாரமாகப் பேசினார்கள் என்றால், அது ஆயுதத்தின் மேல் கொண்ட ஆசையால் மட்டுமன்று. அவமதிப்பின் மேல் கொண்ட வெறுப்பால்.

லைசென்ஸ் முறையால் வந்த நன்மை ஒன்று வரலாற்று மாணவனுக்கு உண்டு: எண். கல்கத்தா ராடா கம்பெனிக்கு வந்த மௌசர் பிஸ்டல்கள் ஐம்பதையும் நாற்பத்தாறாயிரம் தோட்டாக்களையும் 1914 ஆகஸ்டு 26-இல் வங்கப் புரட்சியாளர்கள் கடத்திச் சென்றார்கள். கடைக் கணக்கில் பிஸ்டல்களின் எண்கள் இருந்தமையால், பின்னர் அகப்பட்டவை அந்தச் சரக்கைச் சேர்ந்தவை என்று போலீசாரால் சொல்ல முடிந்தது. நம் நாட்டில் 1911 ஜூன் 17-இல் மணியாச்சி சந்திப்பில் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்டதைப் பேச்சு வழக்கில் ரிவால்வரால் சுட்டார் என்று சொல்லிவிடுகிறோம். அது ரிவால்வரன்று; பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் என்னும் தானியங்கிப் பிஸ்டல். அதில் சுழலும் உருளை கிடையாது. தோட்டாக்கள் பிடிக்குள் அடுக்கியிருக்கும். அது செய்யப்பட்ட ஹெர்ஸ்டால், லியேஜ் நகரை அடுத்த ஊர். மணியாச்சித் துப்பாக்கியும் மிட்டாதாரின் புல்டாக்கும் ஒரே ஆற்றுப் பள்ளத்தாக்கின் பிள்ளைகள்.

இனி விலை. இதைப் பற்றி அயல்நாட்டு ஏலச் செய்திகள் நம்மவரைப் பெரிதும் மயக்குகின்றன. பெட்டியோடு கிடைத்த ஒரு வாக்கர் கோல்ட் 2018-இல் அமெரிக்காவில் 18 இலட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் போனது உண்மை. அது மிகச் சில ஆயிரமே செய்யப்படாத அருமை இனத்தைச் சேர்ந்தது. இதைவிட எனக்குப் பாடமாக இருப்பது வேறொன்று. பிரெஞ்சுக் கவிஞர் பால் வெர்லேன் 1873 ஜூலை 10-ஆம் நாள் பிரஸ்ஸல்ஸ் கடையொன்றில் 23 பிராங்குக்கு ஒரு லஃபோஷே ரிவால்வரை வாங்கி, அன்றே தம் நண்பரான கவிஞர் ரெம்போவை மணிக்கட்டில் சுட்டார். சுட்டவர் சிறை சென்றார். ரிவால்வர் மிகச் சாதாரணமானது. அதே இனத்து உருப்படிகள் ஐரோப்பியச் சந்தைகளில் இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் அதன் எண் 14096 என்பது துப்பாக்கிக் கடைப் பேரேட்டில் இருந்தது. 2016 நவம்பரில் பாரிஸ் ஏலத்தில் அது 4 இலட்சத்து 34 ஆயிரத்து 500 யூரோவுக்கு விற்றது. ஓவியர் வான்கோ தம்மைச் சுட்டுக்கொண்டதாகக் கருதப்படும் அதே வகை ரிவால்வர், வயலில் துருப்பிடித்துக் கிடந்து கிடைத்தது. அதற்குப் பேரேடு கிடையாது. கிடைத்த இடமும், மண்ணில் கிடந்த காலத்தைப் பற்றிய ஆய்வும் மட்டுமே சான்று. 2019 ஜூனில் அது 1 இலட்சத்து 62 ஆயிரத்து 500 யூரோவே பெற்றது. இரண்டு தொகைகளுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டில் ஏலக்காரரின் ஆவேசம் முதலிய பல காரணங்கள் இருக்கலாம். அந்தப் பேரேட்டு வரிக்கும் அதில் பங்குண்டு என்றே நான் கருதுகிறேன்.

விலையைக் குறைப்பதில் நம் நாட்டுக்கென்று ஒரு சிறப்பு வழியும் இருக்கிறது. ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்கு முதல் நாள், உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, எண்ணெய் பூசி, சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். பக்தியைக் குறை கூறமாட்டேன். ஆனால் அறுபது ஆயுத பூஜைகள் கண்ட துப்பாக்கியில் முத்திரையும் எண்ணும் தேய்ந்து, ஜாதகமே அழிந்துபோகிறது. சிலர் நிக்கல் முலாமும் பூசிவிடுகிறார்கள். பழைய நீலப் பூச்சு பாதி உதிர்ந்து நின்றாலும் சேகரிப்பவர் அதையே விரும்புவார். புது முலாம் பூசியதை ஒரு பார்வையோடு வைத்துவிடுவார்.

அது போகட்டும். விற்க முடியுமா என்பது விலைக்கு முந்திய கேள்வி. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு பழைய துப்பாக்கிகளுக்கு ஒரு விலக்கு அளிக்கிறது. அதை அரைகுறையாகக் கேட்டு, 'நூறு வருடம் ஆனால் லைசென்ஸ் வேண்டாம்' என்று பலர் சொல்லிக்கொள்கிறார்கள். பிரிவு சொல்வது அதுவன்று. வழக்கொழிந்த வகையாகவோ, தொன்மை மதிப்புடையதாகவோ, பழுதுபட்டதாகவோ இருந்து, செப்பனிட்டாலும் செப்பனிடாவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படவே முடியாததற்குத்தான் விலக்கு. சுடக்கூடிய ரிவால்வர் நூற்றைம்பது வயதானாலும் ரிவால்வர்தான். இராணுவத் தோட்டாவை ஏற்கும் பழைய வெப்ளியும் என்ஃபீல்டும் தடைசெய்யப்பட்ட விட்டங்களைச் சேர்ந்தவை; அவற்றுக்கு மைய அரசின் தனி இசைவு வேண்டும். கான்பூர் அரசு ஆலை பொதுமக்களுக்கென்று 0.32 அங்குல ரிவால்வரைச் செய்ததற்கும் இதுவே காரணம். அதன் வடிவமோ பழைய வெப்ளியின் சாயல்தான். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பரம்பரையாக வந்ததையும் சேர்த்து ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது. நூறாண்டு கடந்த பொருளைத் தனியார் அயல்நாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. ஆகவே பாரிஸ் விலையும் நியூயார்க் விலையும் நாமக்கல் பரணுக்குப் பொருந்தா. இங்கே அந்தப் புல்டாக்கைச் சட்டப்படி வாங்கக்கூடியவர் உரிமம் உள்ளவர் மட்டுமே. உரிமம் உள்ளவர் எவரும் அதை விரும்பமாட்டார்.

இதை நான் சொல்லி முடித்தபோது கூடத்தில் சிறிது நேரம் பேச்சில்லை. அப்போது, அதுவரை வாய் திறவாமல் உள்வாசற்படியில் அமர்ந்திருந்த அந்த வீட்டுப் பாட்டியார், 'அது கிஸ்திக்குப் போற துப்பாக்கியாச்சே!' என்றார். அவருடைய மாமனார் கிஸ்திப் பணத்தைத் துணிப்பையில் கட்டி, இரவோடு இரவாக வில்வண்டியில் கஜானாவுக்குக் கொண்டுபோகும்போது, தலையணைக்கு அடியில் அது இருக்குமாம். ஒருநாளும் சுட்டதில்லையாம். திரும்பி வந்ததும் நெற்குதிருக்குள் போட்டுவிடுவாராம். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இது வரையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, 'சின்னமலை துப்பாக்கின்னு நீங்க சொன்னீங்க. வேறே ஒண்ணு இருக்கும்னு நெனச்சேன்' என்றார்.

நெற்குதிர் இப்போது இல்லை. ஆனால் பத்திரப் பெட்டியைத் தேடியபோது, 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயர் தலைப்பில் அச்சிட்ட பழைய லைசென்ஸ் ஒன்று, மடிப்பில் கிழிந்து, பட்டாக்களுக்கு நடுவே கிடைத்தது. பாட்டியாரின் மாமனார் பெயரும், ஒரு ரிவால்வர் என்பதும், அதன் எண்ணும் அதில் எழுதியிருந்தன. எண்ணைக் குழலின் அடிப்புறத்து எண்ணோடு ஒத்துப் பார்த்தோம், ஒத்திருந்தது. அந்தத் தாளை நெகிழித்தாளில் ஒட்டாமல், அமிலமில்லாத காகித உறைக்குள் வைக்கும்படி கேட்டுக்கொண்டேன். ரிவால்வரைவிட அது எளிதில் அழியக்கூடியது.

குடும்பத்தில் எவரிடமும் இப்போது உரிமம் இல்லை. அப்படி இருக்கையில் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். மறுநாள் காலையில் ஒரு வழக்கறிஞரையும் அழைத்துக்கொண்டு அவர்கள் காவல் நிலையத்துக்குச் சென்றார்கள்; நானும் உடன் சென்றேன். எழுத்தர் ரசீதில் 'பழைய ரிவால்வர் ஒன்று' என்று எழுதிக் கையொப்பத்துக்கு நீட்டினார். எண்ணையும் எழுதுமாறு வேண்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றி, துப்பாக்கியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ஒவ்வோர் இலக்கமாகப் படித்து எழுதினார். முட்டை முத்திரையைக் கண்டு இது என்ன என்று கேட்டார். சொன்னேன். 'பெல்ஜியம்' என்று அதையும் எழுதிக்கொண்டார்.